ஐந்தாம் பெட்டியின் விளக்குகள்

பிப்ரவரி 11, ஞாயிறு

போன ஜூனில் ஸ்டோர் கொட்டகைக்குப் பின்னால் மணலில் நட்டுவைத்த எட்டு மாதிரி விளக்குகளையும் இன்று பிடுங்கிப் பார்த்தேன். ஒரு முழுக் கோடையைப் பார்த்தவை. ஓமானின் இந்த மூலையில் ஜூலை மாத வெயில் ஐம்பது டிகிரி வரை போகும். வெயிலில் கிடக்கிற இரும்பு எழுபதைத் தாண்டும். கடையில் வாங்கும்போது எட்டும் பளபளவென்றுதான் இருந்தன.

பிளாஸ்டிக் தூண்கள் இரண்டும் கட்டைவிரலால் அழுத்தியதும் பிஸ்கட் மாதிரி நொறுங்கின. சோலார் விளக்கின் பேட்டரி உப்பி வெடித்திருக்கிறது. கறுப்புப் பெயின்ட் அடித்த அலுமினியம் மூன்றும் வெளுத்துவிட்டன, தடவினால் கையில் சாம்பல் ஒட்டுகிறது. அதைவிட மோசம் உள்ளே. ரப்பர் வளையம் காய்ந்து பிளந்திருக்கிறது. பகல் சூட்டில் விளக்குக்குள் இருக்கும் காற்று வெளியே போகிறது. சூடு தணிந்ததும் வெளிக்காற்றை இழுக்கிறது, கூடவே தூசியையும் ஈரத்தையும். மூன்றிலும் ஒரு கரண்டி மணல் இருந்தது.

பித்தளை இரண்டும் நிறம் மட்டும் கறுத்திருந்தன. உள்ளே சுத்தம்.

அறிக்கை அடித்துவிட்டேன். பித்தளை உடம்பு, கெட்டிக் கண்ணாடி, சிலிக்கான் வளையம், இருபத்துநான்கு வோல்ட். மின்சாரத்தைக் குறைத்துத் தரும் கருவி விளக்குக்குள் இருக்கக் கூடாது, நிழலில் தனிப்பெட்டியில் இருக்க வேண்டும். நாங்கள் கட்டும் குடியிருப்பின் பாதைகளுக்கான விளக்குகள் இவை, இருநூற்று நாற்பது வீடுகள். பாதையோரம் குழந்தைகள் ஓடும். இருபத்துநான்கு வோல்ட் என்றால் எல்லாமே கெட்டுப்போனாலும் யாரையும் கொல்லாது. இந்த ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

என் அறிக்கையை எவனும் படிக்கவில்லை!

கொள்முதல் மேனேஜர் தண்டபாணி, கோயம்புத்தூர்க்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். மீட்டிங்கில் இரண்டு படங்களைத் திரையில் போட்டார். ஒன்று என் பித்தளை விளக்கு. மற்றது முழங்கால் உயர அலுமினியத் தூண், பிளாஸ்டிக் மூடி, இருநூற்று முப்பது வோல்ட்.

“பார்த்தா ரெண்டும் ஒண்ணுதானுங்களே மேடம்?”

“படத்துல ஒண்ணுதான் சார். வெயில்ல இல்ல.”

“பித்தளை வர்றதுக்குப் பதினாலு வாரம் ஆகுமாம். மே கடைசில ஓனர் வர்றாரு. இருட்டுலயா கூட்டிட்டுப் போறது? சொன்னா கேளுங்.”

பதினான்கு வாரம் என்பது இப்போதுதான் தெரிந்ததா? நவம்பரிலேயே ஆர்டர் போடுங்கள் என்று சொன்னவள் நான். பதினோரு வருடமாக இந்தக் கம்பெனியில் மின்பிரிவு எஞ்சினீயர். மார்த்தாண்டத்திலிருந்து வந்த பெல்சி சொன்னால் அது புலம்பல். தண்டபாணி சொன்னால் அது முடிவு.

பிப்ரவரி 15, வியாழன்

எதிர்ப்புக் கடிதம் அனுப்பினேன். நகல் என்னிடம் இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

முந்நூற்றுப் பன்னிரண்டு விளக்குகள் வந்து இறங்கின. ஒன்றைத் திறந்தேன். அதே ரப்பர் வளையம். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில், முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரித்தவனே எழுதியிருக்கிறான். இங்கே கோடையில் காலை எட்டு மணிக்கே முப்பத்தைந்து. சீட்டைப் படம் பிடித்து தண்டபாணிக்கு அனுப்பினேன். கட்டைவிரல் தூக்கிய பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

ஏப்ரல் 23, செவ்வாய்

நட்டாயிற்று. என்ன செய்ய, நட்டது நான்தான்.

தோட்டக் குழுவின் தலைவர் காத்தமுத்து அண்ணாச்சி, முதுகுளத்தூர்ப் பக்கம். ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு விளக்கின் காலடியிலும் காகிதப்பூச் செடி வைத்துக்கொண்டு வந்தார். சொட்டு நீர்க் குழாய் விளக்கை உரசிக்கொண்டு போகிறது. அதில் வருவது உப்புத் தண்ணீர்.

“மேடம், நாங்க ஈரக்கையோடதான் வேல பாக்குறது. இதத் தொட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?”

பாதை விளக்குகளுக்குக் கரண்டு தரும் மின்பெட்டிகளில் ஒன்றான ஐந்தாம் பெட்டிக்கு அழைத்துப்போய் டிரிப்பரைக் காட்டினேன். எங்காவது கரண்டு கசிந்தால், கண் இமைக்கும் முன்னால் அந்தப் பாதை முழுவதையும் அணைத்துவிடும் சின்னக் கருவி. அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினேன். டக்கென்று விழுந்தது.

“இது இருக்கிற வரைக்கும் நீங்க தைரியமா கை வையுங்க அண்ணாச்சி.”

“நீங்க சொன்னாச் சரிதான்” என்றார்.

அவருக்குத் தர என்னிடம் இருந்தது அந்தக் கருவி ஒன்றுதான். நல்ல விளக்கைத் தர விடவில்லையே.

மே 20, திங்கள்

நாற்பத்தாறு டிகிரி. ஐந்தாம் பெட்டியின் டிரிப்பர் ஒரே மாலையில் மூன்று முறை விழுந்தது. நாலு விளக்குகளைத் திறந்தேன். நாலிலும் நீர்த்துளி, மணல், பச்சை பூத்த செம்பு. இன்னும் கோடை தொடங்கவே இல்லை! தண்டபாணியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். “டேப் சுத்தி விடலாமுங்களா?” என்றார். டேப்!

மே 26, ஞாயிறு

ஓனர் வந்த நாள். ஏழு மணிக்கு வரவேற்பு. ஆறரைக்கு ஐந்தாம் பெட்டி விழுந்தது. தூக்கிவிட்டால் நிற்கவில்லை. நுழைவாயில் பாதையின் இருபத்தாறு விளக்குகளும் அதில்தான் இருக்கின்றன.

தண்டபாணி வேட்டைக்காரன் மாதிரி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். “மேடம், ஒரே ஒரு மணி நேரம் எரிஞ்சாப் போதுமுங். நீங்க நெனச்சா முடியாதுங்களா?”

கார்கள் வளைவில் திரும்புவது தெரிந்தது. டிரிப்பரை விட்டுவிட்டு வயரை நேராகக் கொடுத்தேன். விழா முடியும் வரைக்கும்தான். விளக்குகள் எரிந்தன.

மே 27, திங்கள்

ஓனருக்கு விளக்குகள் ரொம்பப் பிடித்துவிட்டனவாம். “தண்டபாணியின் சிறந்த தேர்வு” என்று எல்லாருக்கும் மின்னஞ்சல். தேர்வாம்!

ஐந்தாம் பெட்டியை நாளை பார்க்க வேண்டும்.

மே 28, செவ்வாய்

பம்ப் அறையில் மோட்டார் புகைந்துவிட்டது. நாள் முழுக்க அங்கேயே.

ஜூன் 3, திங்கள்

இரண்டாவது எதிர்ப்புக் கடிதம், மூன்று பக்கம். மூன்று பேர் செய்கிற வேலையை நான் ஒருத்தி செய்கிறேன் என்பதையும் அதில் எழுதினேன்.

ஜூன் 13, வியாழன்

முந்நூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொன்று செத்துவிட்டன. மூடிகள் வெளுத்து வெடிக்கத் தொடங்கிவிட்டன. எத்தனையாவது பெட்டியில் எத்தனை என்று பட்டியல் போட்டுத் தண்டபாணியின் மேசையில் ஒட்டினேன். டிரிப்பர் விழாத பெட்டியே இல்லை. ஐந்தாம் பெட்டி மட்டும் ஒரு தொந்தரவும் இல்லாமல் எரிகிறது.

ஜூன் 25, செவ்வாய்

காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க, தோட்டக்காரர்கள் நாலரைக்கே இறங்கிவிடுவார்கள். அப்போது விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். காத்தமுத்து நுழைவாயில் பாதையில் ஒரு விளக்கைச் சுற்றி மேவியிருந்த மணலைக் கையால் தள்ளியிருக்கிறார். கை ஒட்டிக்கொண்டது. வங்காளத்து ஆள் ஒருவன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறான். அவன் ஓடாமல் இருந்திருந்தால் அவ்வளவுதான்.

உயிர் இருக்கிறது. வலது உள்ளங்கை வெந்துவிட்டது. மூன்று விரல்களில் உணர்ச்சி இல்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போக ஏழாகிவிட்டது. முதலில் ஐந்தாம் பெட்டிக்குப் போக வேண்டியிருந்தது. வயரைப் பழையபடி டிரிப்பர் வழியாக மாற்றிப் பூட்டினேன். பாதுகாப்பு முக்கியம் அல்லவா.

இதற்குத் தண்டபாணி பதில் சொல்லியே ஆக வேண்டும். விட மாட்டேன்.

ஜூன் 27, வியாழன்

ஓனர் தரப்பு எஞ்சினீயர் சாலிம் விசாரிக்க வந்தார். இந்த ஊர்க்காரர், முப்பது வயது, பேச்சு குறைவு. என் கடிதங்களைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். “நீங்கள் சொன்னது எல்லாம் நடந்திருக்கிறது” என்றார். அழுகை வந்துவிட்டது எனக்கு. ஒருவராவது படித்தாரே!

பிறகு மீட்டரை எடுத்துக்கொண்டு ஐந்தாம் பெட்டிக்குப் போனார். டிரிப்பர் ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கில் விழுந்தது. மறுபடி சோதித்தார். மறுபடியும் விழுந்தது.

“இது சரியாக இருக்கும்போது அவருக்கு எப்படி இவ்வளவு அடிபட்டது?” என்று கேட்டார்.

விளக்குகளின் தரம் என்றேன்.

“தரம் மோசம்தான். ஆனால் இது அணைத்திருக்க வேண்டுமே.”

ஜூன் 30, ஞாயிறு

அயோக்கியத்தனம். இதைவிட வேறு சொல் கிடைக்கவில்லை.

காத்தமுத்துவின் சட்டைப்பையில் போன் சார்ஜர் இருந்ததாம். ஆகவே அவர் பெட்டிக்குள் எங்கோ திருட்டுத்தனமாக வயர் கொடுத்து, போனுக்குச் சார்ஜ் போட்டாராம். அதனால்தான் ஷாக் அடித்ததாம். டிரிப்பர் நன்றாக வேலை செய்கிறது என்பதே ஆதாரமாம். கம்பெனியின் அறிக்கை என்று தண்டபாணி இதை மீட்டிங்கில் வாசித்தார், மென்மையாக, வருத்தத்தோடு.

“அவர் திருடர் இல்ல சார்” என்று கத்தினேன்.

“நானும் அப்படி நெனைக்கலீங்க. ஆனா வேற காரணம் இருந்தாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தண்டபாணியும் பார்த்தார். அந்த மாலை ஆறரை மணிக்கு என் பக்கத்தில் நின்றவர் அவர். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

நான் உட்கார்ந்தேன்.

காத்தமுத்துவை ஊருக்கு அனுப்புகிறார்களாம். இனி இந்த நாட்டுக்குள் வர முடியாதபடி.

ஜூலை 1, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையைத் தலையணை மேல் வைத்திருந்தார். கூட இருந்தவர்கள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போல.

“மேடம், சார்ஜர் ரூம்ல போட்டு எடுத்துட்டு வந்தது. பையில கெடந்துச்சு. அது குத்தமா?”

“இல்ல அண்ணாச்சி.”

“ஆபீஸ்லருந்து ஊருக்குப் போன் போட்டு எம்மகங்கிட்டச் சொல்லிட்டாக. உங்கப்பா கரண்டு திருடி அடிபட்டுட்டாருன்னு. அவன் எனக்குப் போன் போட்டு, ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்கன்னு கேக்குறான்.” பிறகு கேட்டார்: “அந்தப் பொத்தான அமுக்கிக் காமிச்சீகளே. ஒட்டிக்கிட்டப்ப அதத்தான் நெனச்சேன். இந்தா நின்னுரும், இந்தா நின்னுரும்னு. ஏன் மேடம் நிக்கல?”

“விசாரிக்கிறாங்க” என்றேன்.

விசாரிக்கிறாங்க! நானா சொன்னேன் அதை?

ஜூலை 2, செவ்வாய்

ராஜையனுக்குப் போன் போட்டேன். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் இவரிடம் நான் மறைத்தது எதுவும் இல்லை. இதை மட்டும் ஒரு மாதமாகச் சொல்லவில்லை. இந்த நோட்டிலும் நேராக எழுதவில்லை என்பதை இன்றுதான் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கிறேன்!

“டிரிப்பரை கழத்திவிட்டது நான்தான். அடிபட்ட அன்னைக்கு ஓடிப்போயி திரும்ப மாட்டினதும் நான்தான்” என்றேன்.

அங்கே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“வேற யாருக்காவது தெரியுமா?”

“தண்டபாணிக்கு.”

“அவன் பறைய மாட்டான். நீயும் பறையாண்டாம். உனக்க வேலை போவும், கேஸும் வரும். பிள்ளை பிளஸ் டூ படிக்குது, ஓர்மையிருக்கா?”

“அந்த மனுசனை கள்ளன்னு சொல்லுதாவ.”

“அதுக்கு நீ என்ன செய்வ? அவன் உனக்கு யாரு?”

போனை வைத்துவிட்டேன். எப்படி இப்படிக் கேட்க முடிகிறது இவரால் என்று கொதித்தது. கொதிப்பு அடங்கியபோது, ஒரு வாரமாக நான் செய்ததைத்தான் அவர் வாயால் சொன்னார் என்று புரிந்தது.

ஜூலை 4, வியாழன்

சாலிமின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். மே இருபத்தாறு, ஆறரை மணி, வயரை நேராகக் கொடுத்தது. தண்டபாணி கேட்டது, நான் செய்தது. மறுநாள் மாற்றாமல் விட்டது. முப்பது நாள். பிறகு ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்க, நான் பெட்டியைத் திறந்து மாற்றியது.

பேனாவை மூடி வைத்தார். “முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ஆளைத் திருடன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.”

“ஆமாம்.”

“உங்கள் கடிதங்களைப் படித்து, இந்த இடத்தில் நேர்மையான ஒரே ஆள் நீங்கள் என்று என் வீட்டில் போய்ச் சொன்னேன்.”

விளக்குகளைப் பற்றி நான் எழுதியது அத்தனையும் உண்மைதானே என்று கேட்டேன். கேட்ட எனக்கே வெட்கமாக இருந்தது.

“உண்மைதான்” என்றார். “இரண்டையும் எழுதுங்கள். ஒன்றால் மற்றொன்றை மூடாமல் எழுதுங்கள்.”

எழுத நாலு மணி நேரம் ஆனது.

ஜூலை 8, திங்கள்

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். போலீஸ் வாக்குமூலம் வாங்கியது. அபராதமா வேறு தண்டனையா என்று இன்னும் தெரியவில்லை. அதுவரை நாட்டை விட்டுப் போகக் கூடாது. தண்டபாணிக்கு எச்சரிக்கைக் கடிதமாம். எச்சரிக்கை! அவருடைய மேசை, அவருடைய நாற்காலி, அவருடைய மெல்லிய குரல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எனக்கு இதில் கோபம் வரலாமா கூடாதா? வருகிறது. நியாயமான கோபம்தான். ஆனால் இப்போது அதை நீட்டிக்கொண்டு போக முடியவில்லை, பாதியில் நின்றுவிடுகிறது.

விளக்குகள் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லிவிட்டார் சாலிம். பித்தளை, கெட்டிக் கண்ணாடி, இருபத்துநான்கு வோல்ட். வர அக்டோபர் ஆகும். அதுவரை பாதைகள் இருட்டாகவே கிடக்கட்டும் என்று ஓனரே சொல்லிவிட்டாராம். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒரு மனிதனின் கை தேவைப்பட்டிருக்கிறது.

காத்தமுத்து மீது போட்ட பழியை நீக்கிக் கடிதம் கொடுத்தார்கள். அவர் இங்கேயே இருந்து வைத்தியம் பார்க்கலாம்.

ஜூலை 10, புதன்

தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்குப் போய் அவரைப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன். “மன்னிச்சிருங்க” என்றேன்.

அவர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“என்னயத் திருடன்னு சொன்னாகளே, அந்த ஒரு வாரமும் நீங்க எங்க இருந்தீக மேடம்?”

“ஆபீஸ்ல.”

“என்னயப் பாக்க வந்தீக. ஆரஞ்சு கொண்டாந்தீக. கேட்டேன். வெசாரிக்கிறாகன்னீக.”

“ஆமாம்.”

“விளக்கு மோசம்னு பொலம்புனீகளே ஒவ்வொரு நாளும். நாங்க அம்புட்டுப் பேரும், இந்தம்மா நமக்காகச் சண்ட போடுதுன்னு நெனச்சோம்.”

கம்பெனி கொடுத்த கடிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஆங்கிலத்தில் இரண்டு பத்தி.

“இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இங்க எவனுக்கும் தெரியாது. காயிதத்த வச்சு நான் என்ன செய்ய? வெள்ளிக்கெழம மதியம் எல்லாரும் சாப்பிட வருவாக. அப்ப வந்து சொல்லுங்க. எம்மகனுக்கும் போன் போட்டு வைக்கிறேன், அவனும் கேக்கட்டும்.”

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் அறையை விட்டு வரும்போது தலைநிமிர்ந்து பார்க்கவும் இல்லை. வழி முழுக்க, அத்தனை பேர் முன்னால் ஒரு பொம்பிளையை நிறுத்துவதா என்று பொருமிக்கொண்டே நடந்தேன். கேட் வரைக்கும்தான் அந்தப் பொருமல் வந்தது.

ஜூலை 12, வெள்ளி

போனேன்.

கேம்ப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தகரக்கூரை, ஆறு மின்விசிறி, பருப்பு வாசனை. என்னைப் பார்த்ததும் தட்டுச் சத்தம் குறைந்தது. காத்தமுத்து முன்வரிசையில் இருந்தார். இடதுகையால் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். திரையில் ஒரு இளைஞனின் முகம், அவர் மூக்கு, அவர் நெற்றி. அன்று மெயினை அணைத்த வங்காளத்து ஆள், ரஃபீகுல், நான் இந்தியில் சொல்வதைத் தன் ஆட்களுக்குத் திருப்பிச் சொல்ல எழுந்து நின்றான்.

முதலில் விளக்கைப் பற்றி ஆரம்பித்தேன். எந்த மாதிரி விளக்கு கேட்டேன், எதை வாங்கினார்கள் என்று. இரண்டு வாக்கியம் போனதும் காத்தமுத்து இடைமறித்தார்.

“அது எங்களுக்குத் தெரியும் மேடம்.”

நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன்.

“காத்தமுத்து அண்ணாச்சி கரண்டு திருடல. உயிரைக் காப்பாத்துற கருவியைக் கழற்றிவிட்டது நான். அதை மறைச்சதும் நான். நான் மறைச்சதாலதான் அவர் மேல பழி வந்தது.”

தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை. ரஃபீகுல் வங்காள மொழியில் சொன்னான். யாரும் திட்டவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. போன் திரையில் இருந்த முகம் கீழே குனிந்துகொண்டது. “அப்பா” என்று மட்டும் ஒரு குரல் வந்தது.

நான் போகத் திரும்பினேன்.

“மேடம்” என்றார் காத்தமுத்து. எழுந்து நின்றிருந்தார். “பின்னாடி உக்காந்தவகளுக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க.”

யாரோ மின்விசிறிகளை அணைத்தார்கள். கூடம் அமைதியானது. சட்டென்று புழுங்கியது.

இன்னொரு தடவை சொன்னேன், கடைசி வரிசையைப் பார்த்து, சத்தமாக.